ஃபேன்டஸி, டிஸ்டோபியா நாவல்களில் வேலை செய்கிறவர்கள் எங்கே?

தலவாக்கலை வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சக் காலமாக நான் ஃபேன்டஸியும் டிஸ்டோபியாவுமாகத்தான் (மந்திர உலகக் கதைகளும், கொடுமை மிகுந்த கற்பனைச் சமூகங்களின் கதைகளும்) வாசித்துக்கொண்டிருக்கிறேன், பெரும்பாலும் இங்கிலீஷில், போனில். வாசிக்க வாசிக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த உலகங்களில் வேலை செய்கிறவர்கள் எங்கே?

ஒரு கொடுங்கோலன் இருப்பான், அவனை எதிர்க்க ஒரு பெண்ணோ பையனோ புறப்படுவார்கள், கோட்டை இருக்கும், பத்தாயிரம் பேர் படை இருக்கும். அந்தப் பத்தாயிரம் பேருக்கும் யார் சோறாக்குகிறார்கள், தானியம் எந்த வயலில் விளைகிறது, விளைவித்தவருக்கு என்ன கூலி, அந்தக் கூலியை யார் எந்தப் புத்தகத்தில் எழுதுகிறார்கள் என்று தேடினால் பல நாவல்களில் பதில் கிடையாது. நான் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள், அம்மா கொழுந்து எடுத்தவர். வாளும் மந்திரமும் எனக்கு அப்புறம்தான், முதலில் கண் போவது இந்த இடத்துக்கு.

இதை நன்றாகச் செய்த புத்தகங்களும் இருக்கின்றன. சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' (2008) பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் கதை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற குலுக்கல் கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் பிள்ளை தன் பேரை இன்னொரு தடவை குலுக்கலில் போட வேண்டும். சாப்பாடு இல்லாத வீட்டுப் பிள்ளையின் பேர் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்படிக் கூடாது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. பதினோராவது மாவட்டத்து ரூ, பழத்தோட்டத்தில் மரமேறி வேலை செய்கிற சின்னப் பெண், அறுவடையைத் தாங்களே சாப்பிட்டால் அடி விழும் என்று கதாநாயகி காட்னிஸிடம் சொல்வாளே, அந்த இடமும்தான்.

அதே தொடரில் 2025இல் வந்த 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்' நாவலையும் வாசித்தேன். காட்னிஸுக்கு வழிகாட்டியாக வரும் ஹேமிட்ச் பையனாக இருந்தபோது நடந்த ஐம்பதாவது கொலை விளையாட்டு, அந்த வருஷம் 48 பிள்ளைகள். நடந்ததை வெட்டி ஒட்டி ஊருக்கு வேறு கதையாகக் காட்டுகிற விதத்தை மிகக் கூர்மையாக எழுதியிருக்கிறார். ஆனால் தொடக்கத்தில் வருகிற, ஊர் துணி துவைத்துக் குடும்பம் நடத்துகிற அந்த அம்மாவோடு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருக்கலாம். அரங்கத்துக்குள் போனதும் அந்த உலகம் காணாமல் போய்விடுகிறது.

என்னை உண்மையில் பிடித்து உலுக்கியது என். கே. ஜெமிசினின் 'த ஃபிஃப்த் சீசன்'. அந்தத் தொடரின் மூன்று நாவல்களுக்கும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து ஹியூகோ விருது கிடைத்தது, அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். நிலம் ஓயாமல் அதிர்கிற ஒரு கண்டம். அதிர்வை அடக்கும் சக்தி பிறப்பிலேயே உள்ள சிலர் இருக்கிறார்கள். ஊர் நிற்பதே அவர்களால்தான், ஆனால் ஊர் அவர்களை மனிதராக மதிப்பதில்லை, கண்டால் அடித்துக் கொல்கிறது, இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டுபோய்ப் பழக்கி வேலை வாங்குகிறது. கண்டம் முழுக்க இடைவெளி விட்டு நிலையங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒருவர் இரவு பகலாக நடுக்கத்தை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு நிலையத்துக்குள் இரண்டு பேர் போய்ப் பார்க்கிற அத்தியாயம் வரும். என்ன பார்க்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு மேல் அன்றைக்கு என்னால் வாசிக்க முடியவில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. அப்படியென்றால் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. போவதற்கு வேறு காணி எங்கே இருந்தது? ஜெமிசினின் நாவலில் பேரழிவு வந்தால் களஞ்சியத்தில் யாருக்குப் பங்கு, மதிலுக்கு வெளியே யாரை விடலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே வழக்கமாகவும் சட்டமாகவும் இருக்கும். அதை வாசிக்கும்போது அந்தக் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள்.

கடைசியாக வாசித்தது பால் லிஞ்சின் 'ப்ராஃபெட் சாங்', 2023 புக்கர் பரிசு பெற்றது. அயர்லாந்தில் நடக்கிறது. ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் கணவரைக் கொண்டுபோய்விடுகிறார்கள், பிறகு தகவலே இல்லை. எய்லிஷ் என்ற அந்த மனைவி நாலு பிள்ளைகளையும் மறதி நோய் வந்த அப்பாவையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறாள். நாடு இடிந்து விழும்போதும் பால் வாங்க வேண்டும், கைக்குழந்தைக்கு உடுப்பு மாற்ற வேண்டும், அதையெல்லாம் விடாமல் எழுதியிருக்கிறார். பந்தி பிரிக்காமல் ஓடுகிற நடை முதலில் கஷ்டமாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

இந்த மாதிரி வேறு என்ன இருக்கிறது? தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது, தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள், அவளுக்கும் கொடுக்கலாம். அரண்மனைச் சதியும் காதலும் மட்டும் உள்ள தொடர்கள் இப்போதைக்கு வேண்டாம்.


அட்டன் பழைய வாசகர் எழுதியது:

மகள், ஒக்டேவியா பட்லரின் 'பேரபிள் ஒஃப் த சோவர்' நாவலை உடனே எடுத்து வாசியுங்கள். நீங்கள் கேட்கிற கூலிக் கணக்கை அவரைப் போல எழுதியவர் குறைவு.

1993இல் வந்த நாவல். கதை 2024 ஜூலையில் தொடங்குகிறது. லொஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் மதில் கட்டிக்கொண்டு வாழும் ஒரு தெரு, அதில் லோரன் என்ற கறுப்பினப் பெண்பிள்ளை. தண்ணீர் விலை ஏறிக்கொண்டே போகிறது, வேலை கிடையாது, மதிலுக்கு வெளியே கொலையும் கொள்ளையும். அந்த நேரத்தில் ஒலிவார் என்ற கடலோர ஊரை ஒரு கம்பனி எடுத்துக்கொள்கிறது. வாருங்கள், வீடு இருக்கிறது, காவல் இருக்கிறது, வேலை இருக்கிறது, சம்பளம்தான் கொஞ்சம் குறைவு என்கிறது. லோரனின் சின்னம்மா போய்விடலாம் என்கிறார், தகப்பன் மறுக்கிறார். சம்பளம் சாப்பாட்டுக்குப் போதாது, கடன் விழும், கடன் தீராமல் வெளியே விட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நமது பாட்டன் பூட்டன் இருந்தது இதற்குள்தான். ஊரில் கங்காணி, அதாவது ஆள் சேர்த்து வேலை வாங்குபவர், முற்பணம் கொடுப்பார், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறும், தோட்டத்துக்கு வந்து சேரும்போதே ஆள் கடன்காரர். இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துண்டு வேண்டும். இத்தனை ரூபா கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடச் சம்மதம் என்று எழுதிய சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளோடேயே கூடப் போகும். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இதை நான் பல வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், வினாத்தாளில் இரண்டு புள்ளிக்கு வரும், எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். பட்லரின் ஒலிவாரை வாசித்த பிள்ளை மறக்காது என்று நான் நம்புகிறேன்.

நாவலின் பிற்பகுதியில் எமரி என்று ஒரு தாய் வருவாள். பண்ணைக் கம்பனியில் கடனுக்கு உழைத்தவள், காசுக்குப் பதிலாகக் கம்பனிக் கடையில் மட்டும் செல்லும் சீட்டுத்தான் சம்பளம். புருஷன் செத்த பிறகு கடனுக்கு ஈடாக ஆண்பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுகிறார்கள், மிஞ்சிய மகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். சில பக்கங்கள்தான் அவள் கதை. அந்தச் சில பக்கங்களுக்காகவே இதைப் பலருக்கு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அடிமைக் காலத்தையும் அதற்குப் பின் வந்த பண்ணைக் கடன்களையும் நன்றாக அறிந்த ஒருவரின் எழுத்து, அதனால்தான் எதிர்காலக் கதையிலும் கணக்கு பிசகவில்லை.

ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' (2022) நாவலையும் பாருங்கள். 1830களின் ஒக்ஸ்ஃபோர்ட், வெள்ளிக் கட்டிகளில் இறங்கும் மந்திரம், அந்த மந்திரத்தால் ஓடுகிற பிரித்தானியப் பேரரசு. தேயிலைக்காகச் சீனாவுக்குப் போன வெள்ளியை ஓப்பியம் விற்றுத் திருப்பி எடுத்த வரலாறு அதற்குள் இருக்கிறது. இங்கே அப்போது கோப்பிதான், லூல்கந்துரயில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். எனக்குப் பிடித்தது நாவலின் கடைசிப் பகுதி, அது ஒரு வேலைநிறுத்தம். சில இளைஞர் கருவியைக் கீழே வைத்தால் லண்டனில் பாலமும் வண்டியும் எப்படித் தடுமாறும் என்று படிப்படியாகக் காட்டுகிறார். சம்பளப் போராட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அத்தியாயங்களில் மூச்சு முட்டும். பாத்திரங்கள் சில இடங்களில் பிரசங்கம் செய்கிறார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.


ஊவா காற்று எழுதியது:

அக்கா, நல்ல கேள்வி, ஆனால் எனக்கு ஒரு விஷயத்தில் முழு உடன்பாடு இல்லை. எல்லா ஃபேன்டஸியையும் இந்த ஒரே தராசில் நிறுத்தால் நிறைய நல்ல புத்தகங்களை ஒதுக்கிவிடுவீர்கள். நான் பண்டாரவளை டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன், நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து இரவில் வாசிக்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ட்ராகன் வேண்டும், பனி மூடிய கோட்டை வேண்டும், யாரும் போகாத வழி வேண்டும். மலையகத்துப் பிள்ளை என்றால் கஷ்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும், வாசிக்க வேண்டும் என்று வெளியில் உள்ளவர்கள் ஏற்கெனவே நினைக்கிறார்கள். நாமே நம் வாசிப்பை அப்படிச் சுருக்கிக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம்.

அதோடு, பழைய ஃபேன்டஸியில் வேலை செய்கிறவர்கள் இல்லவே இல்லை என்பதும் சரியில்லை. டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். சாம் ஒரு தோட்டக்காரன். அத்தனை தூரமும் சட்டி பாத்திரத்தையும் ஒரு சின்ன உப்பு டப்பாவையும் சுமந்துகொண்டு போகிறவன் அவன். எதிரியின் நாடான மோர்டோருக்குள் இனி சமைக்கவே போவதில்லை என்று தெரிந்ததும் அந்தப் பாத்திரங்களை ஒரு பிளவுக்குள் எறிவான், அவை உருண்டு விழும் சத்தம் கேட்டு அவன் மனசு உடையும். கதையின் உச்சமான, தீய மோதிரம் நெருப்பில் விழும் இடத்தைவிட அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. சமைத்துப் போடுகிறவனின் துக்கத்தை அவ்வளவு தெரிந்து எழுதியிருக்கிறார்.

படைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, அதற்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். மோர்டோரின் தெற்கே நூர்னென் ஏரி, அதைச் சுற்றி அடிமைகள் உழும் வயல்கள். போர் முடிந்து அரகோர்ன் அரசனானதும் அந்த அடிமைகளை விடுவித்து ஏரியைச் சுற்றிய நிலத்தை அவர்களுக்கே சொந்தமாகக் கொடுக்கிறான்.

அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ தொடரை வாசித்தீர்களா? முதல் புத்தகம் 1968. கெட் என்கிற ஆடு மேய்த்த மலைப் பையன் பெரிய மந்திரவாதியாகிறான், செம்பழுப்பு நிறத் தோல் அவனுக்கு. அதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, உங்களுக்கென்றே எழுதியது மாதிரி நாலாவது புத்தகம் இருக்கிறது, 'டெஹானு', 1990. அதில் கெட்டின் சக்தி போய்விட்டது. டெனார் என்கிறவள் ஒரு பண்ணைக்காரனின் விதவை, ஆடு பார்க்கிறாள், தீயில் சுடப்பட்ட ஒரு பிள்ளையை வளர்க்கிறாள். கடலுக்குப் போயிருந்த மகன் திரும்பி வந்து பண்ணை தன்னுடையது என்கிறான், ஆனால் சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டேன் என்கிறான். மந்திரம், ட்ராகன் எல்லாம் உள்ள ஒரு உலகத்தில் அந்தத் தட்டு ஒரு பெரிய பிரச்சினையாக நிற்கிறது. முதல் மூன்று புத்தகங்களில் சாகசத்தை ரசித்தவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு நாலையும் வரிசையாக வாசித்ததில்தான் இதன் பலம் தெரிந்தது. சாகசம் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால் இங்கே வந்தே சேர்ந்திருக்க மாட்டேன், அதற்காகத்தான் சொல்கிறேன்.


மாத்தளை ரீடர் எழுதியது:

தங்கச்சிக்குத் தமிழில் கேட்டீர்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வாங்கிக் கொடுங்கள், பிறகு 'மீண்டும் ஜீனோ'. ஆனந்த விகடனில் தொடராக வந்தது. எதிர்காலம் என்று அவர் எழுதிய வருஷங்களை நாம் ஏற்கெனவே தாண்டிவிட்டோம். ஜீவா என்கிற சர்வாதிகாரி, பிள்ளை பெற அரசாங்க அனுமதி, பேர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நிலாவின் வீட்டில் இன்னொருவருக்கு அறை ஒதுக்கிவிடுகிறார்கள், அதைக் கேட்கப் போன கணவன் திரும்பி வரவில்லை. புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோவுக்காகவே பிள்ளைகள் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். இலகுவான நடை, ஆனால் உள்ளே இருக்கும் பயம் இலேசானதல்ல.

நம் நாட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' (2023), நெபுலா விருது பெற்றது. நிழல் இல்லாத ஒரு பையன், தகப்பனைக் கொல்வதற்கென்றே தாய் வளர்த்தவன், அதை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்துவிடுகிறான். இனம், சாதி என்று ஆளைப் பிரித்துப் பிரித்து அடுக்கும் அலுவலகங்கள், காகிதங்கள், முகாம்கள். முகாம் வருகிற பகுதிதான் நாவலிலேயே சிறந்தது என்பேன். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டு நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காகிதங்கள் புதிதாக இருக்காது. கொஞ்சம் சிக்கலான புத்தகம், அவசரமாக வாசித்தால் பிடிபடாது.

ஊவாத் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தோட்டத்தில் பொன்னர், சங்கர் என்ற அண்ணன்தம்பியின் கதையை ஆடும் கூத்து விடிய விடிய நடந்ததே, அதுவும் ஃபேன்டஸிதான். கொம்பன் பன்றி, படுகளம், விழுந்த அண்ணன்மாரைத் தங்கை அழைத்து எழுப்புவது. கூடவே நிற்கும் சாம்புகன் யார், அவன் என்ன வேலை செய்கிறவன் என்பதை எங்கள் தோட்டத்துக் கூத்துக்காரர்கள் ஒருபோதும் விட்டதில்லை. பகலில் மலைக்குப் போய் உழைத்தவர்கள்தான் இரவில் அதை ஆடினார்கள். இரண்டும் சேர்ந்து இருக்க முடியும்.


தலவாக்கலை வாசகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சேர், பட்லரைத் தொடங்கிவிட்டேன், மதில் உடைகிற இடம் வந்துவிட்டது. ஓக் மரக் காயை இடித்து மாவாக்கி ரொட்டி சுடுகிறார்கள், மூட்டையில் என்ன கட்டிவைப்பது என்று லோரன் முன்கூட்டியே யோசித்து வைக்கிறாள், இப்படி எழுதினால்தான் எனக்கு அந்த உலகம் நம்பும்படியாக இருக்கிறது. துண்டு பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பாட்டியின் அப்பா காலத்தில் நடந்த ஒரு கதையை அவர் சொன்னார், அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஊவாத் தம்பி, சாமின் பாத்திரங்கள் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ட்ராகன் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், ஜெமிசினின் நாவலில் மலையையே நகர்த்துகிறார்கள், அந்தப் பிரமாண்டம் எனக்கும் வேண்டும். ஆனால் நூர்னென் விஷயத்தில் உங்களோடு மல்லுக்கட்டத்தான் போகிறேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிற புத்தகத்தில் அந்த மக்களுக்கு நிலம் கொடுத்த செய்தி ஒரே ஒரு வரி! அரசன் கொடுத்தான், முடிந்தது. ஏரியைச் சுற்றி எத்தனை குடும்பம் இருந்தது, காணியை எப்படிப் பிரித்தார்கள், உறுதி யார் பேரில், முதல் விளைச்சலை யாருக்கு விற்றார்கள், முன்பு சவுக்கோடு நின்றவன் இப்போது எங்கே இருக்கிறான்? இருநூறு வருஷம் ஒரு மண்ணில் உழைத்துவிட்டு ஏழு பேர்ச் அளவுச் சின்னக் காணிக்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிற ஆட்கள் நாம். எனக்கு அந்த ஒரு வரிதான் முழு நாவலாக வேண்டும். மோர்டோர் விழுந்த அடுத்த நாள் காலையில் தொடங்குகிற நாவல். அப்படி யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், எந்த மொழியாக இருந்தாலும் தேடிப் பிடிக்கிறேன்.


ஊவா காற்று எழுதியது:

அக்கா, அந்த நாவல் வந்தால் முதல் பிரதி எனக்கு. அதுவரைக்கும் 'டெஹானு'வைத் தள்ளிப்போடாதீர்கள், பெரிய போர் எல்லாம் முடிந்த பிறகு நடக்கும் கதைதான் அதுவும். முதல் மூன்றும் சின்னப் புத்தகங்கள், வரிசையாகவே வாருங்கள், இடையில் தாவ வேண்டாம். என்னிடம் நாலும் ஒரே தொகுப்பாக இருக்கிறது, அடுத்த மாதம் அட்டனுக்கு வரும்போது சேரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், நீங்கள் அங்கே வாங்கிக்கொள்ளலாம். மகன் தட்டைக் கழுவ மறுக்கிற இடத்தில் தவறு யார் பக்கம் என்று எனக்கும் என் அக்காவுக்கும் இன்னும் சண்டை, நீங்கள் வாசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.